வெட்டவெளிக்கு விலை கொடுப்பவர் யார்?

சிவகாசியைச் சுற்றியுள்ள எந்தச் சாலையில் போனாலும் கண்ணில் படுவது ஒரே காட்சிதான். கம்பிவேலிக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கரிசலோ செவலோ, இரண்டு மூன்று வேம்பு, காய்ந்த புல். பட்டாசு ஆலையின் நிலத்தில் சுவரும் கூரையும் பிடித்திருக்கும் பங்கு மிகச் சிறிது, மீதியெல்லாம் வெட்டவெளி. இந்த வெளியை அங்கே நிறுத்தி வைத்திருப்பது சட்டம். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும், எவ்வளவு மருந்து வைத்தால் அறைக்கும் அறைக்கும், அறைக்கும் வீட்டுக்கும், அறைக்கும் பொதுச்சாலைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொல்கின்றன. இடைவெளி இல்லையேல் உரிமம் இல்லை. உரிமம் இல்லையேல் தொழில் இல்லை. ஆக, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் வட்டாரத்தில் நிலம் காலியாக இருப்பதற்காக ஏற்கெனவே பணம் செலவழிக்கும் ஒரு தொழில் இருக்கிறது. நிலப் பாதுகாப்பு என்றதும் யார் தானம் தருவார்கள், அரசு எப்போது நிதி ஒதுக்கும் என்று தேடத் தொடங்குகிறோம். இந்த மண்ணில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த நிலம் இப்படியே கிடப்பதால் யாருக்கு ஆதாயம்? அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை நிலத்துக்காரருக்கு எப்படிச் சேர்ப்பது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

நிலத்தை விற்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். மானாவாரிப் புஞ்சையில் பருத்தியோ மக்காச்சோளமோ குதிரைவாலியோ போட்டவருக்குப் பூக்கிற பருவத்தில் ஒரு மழை தவறினால் உழுத கூலிகூடத் தேறாது. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் வாரச் சம்பளம் தரும் ஊரில் களை எடுக்க ஆள் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று வருடம் தரிசாகக் கிடந்தால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அதன் பிறகு வருபவர் மனை தரகர். 2021ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியானது. நகரம் விரியும் திசையில் இருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணும் சென்ட் கணக்கில் பேசப்படுகிறது. ஏக்கருக்கு மூவாயிரமோ ஐயாயிரமோ மிஞ்சினால் போதும் என்றிருப்பவரிடம், நிலத்தைக் காப்பாற்றுங்கள் என்று வெறும் வாயால் கேட்பது நியாயமில்லை. அவர் கையில் வருடா வருடம் ஒரு தொகை விழ வேண்டும். விழுந்தால் அவர் காத்திருப்பார். பெரும்பாலான குடும்பங்களுக்குப் பூர்வீக நிலத்தை விற்பதில் விருப்பம் கிடையாது.

ஆலையின் பாதுகாப்பு இடைவெளி அதன் வேலிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. வேலிக்கு வெளியே, அண்டை நிலத்தில் ஒரு வீடு எழும்பினாலும் கணக்கு மாறிவிடும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஊரில் சொல்லப்படும் எந்த வகை உரிமமானாலும், சுற்றிலும் குடியிருப்பு நெருங்க நெருங்க வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும். குறைக்க வழியில்லாத சிறிய ஆலைக்கு உரிமமே கேள்விக்குள்ளாகும். ஆலைக்காரருக்கு அண்டை நிலம் காலியாக இருப்பது உற்பத்தி அளவைத் தீர்மானிக்கும் மூலதனம். மனித உயிரின் கணக்கு இதைவிடப் பெரிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, தீயைப் பார்த்து உதவ ஓடிவந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். இந்தத் தொழில் நடக்கும் ஊரில் வெட்டவெளி ஒரு காப்பரண். அதை மனை போட்டு விற்க விடுவது, வாங்குகிறவர் குடும்பத்தை அட்டவணையில் சொன்ன தூரத்துக்குள் கொண்டுவந்து குடிவைப்பதற்குச் சமம்.

அப்படியானால் ஆலைக்காரர் அந்த நிலத்தை வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். சிலர் வாங்குகிறார்கள். ஆனால் சுற்றியுள்ள அத்தனையையும் வாங்கப் பெரும்பணம் வேண்டும். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். அதைவிட, வாங்கிய நிலம் ஊர்க்காரர் கையைவிட்டுப் போகும், வேலி விழும், ஆடு மாடு உள்ளே போகாது. நிலத்தை வாங்காமல், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் வாங்குவதே மலிவான வழி. அமெரிக்காவில் இது நன்கு வேரூன்றிய முறை. நிலத்துக்காரர் பட்டாவைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். உழலாம், மேய்க்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை போட மட்டும் முடியாது. அந்த உரிமையை ஒரு நில அறக்கட்டளைக்குப் பத்திரத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறார். அதற்கு விலையோ வரிச்சலுகையோ பெறுகிறார். இதற்கென்று அங்கே மாநிலங்கள் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அண்டையில் நிலம் எதுவும் இல்லாத ஓர் அறக்கட்டளை, இன்னொருவர் நிலத்தின் மீது இப்படி ஓர் உரிமையை வைத்திருப்பதைப் பழைய சட்டம் ஏற்கவில்லை.

நம்மிடம் அந்தத் தனிச் சட்டம் கிடையாது. இருப்பது 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம். நடைபாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், தண்ணீர் பாத்தியம் என்று பழைய பத்திரங்களில் நாம் படிக்கும் சொற்களுக்குப் பின்னால் நிற்பது அதுதான். அதன் 4ஆம் பிரிவு, ஒரு நிலத்தின் நல்ல பயன்பாட்டுக்காக இன்னொரு நிலத்தில் ஒன்றைச் செய்யும் உரிமையோடு, ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கும் உரிமையையும் பாத்தியம் என்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: பயன்பெறும் நிலம் ஒன்று இருந்தாக வேண்டும். சமவெளியில் ஒரு காட்டைக் காக்க நினைக்கும் நகரத்து அமைப்புக்கு இந்த நிபந்தனை பெரிய தடை. விஸ்வநத்தத்தில் அது தடையே இல்லை. பயன்பெறும் நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆலையாகவே நிற்கிறது. ஆலை நிலத்தின் பாதுகாப்புக்காக இன்ன சர்வே எண்ணில் நிரந்தரக் கட்டடம் எழுப்புவதில்லை என்று அண்டை நிலத்துக்காரர் பாத்தியம் எழுதிக் கொடுக்கலாம். இந்த நோக்கத்துக்கு வழக்கமாக எழுதப்படாத பத்திரம் என்பதால் சொத்து வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞரை வைத்தே எழுத வேண்டும். எழுதியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். நாளை நிலத்தை வாங்க வருபவர் சான்றைப் பார்க்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். வெள்ளைத்தாளில் எழுதிய உடன்படிக்கையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

விலை பேசுவதுதான் கடினமான இடம். கணக்குக்காக, ஒரு ஏக்கர் புஞ்சையாக விற்றால் 10 லட்சம், மனையாக விற்றால் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டும் உரிமையின் முழுமதிப்பு நடுவில் உள்ள 30 லட்சம். எந்த ஆலையும் அதைக் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. அதே நிலம் தார்ச்சாலையிலிருந்து இரண்டு வயல் உள்ளே தள்ளி, ஓடைக்கரையில், மனை விலை 13 லட்சத்தைத் தாண்டாத இடத்தில் இருந்தால் இடைவெளி 3 லட்சம்தான். அதைப் பதினைந்து வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். ஒரு தீபாவளிப் பருவத்தில் ஆலை புரட்டும் பணத்துக்கு முன்னால் அது சிறிய செலவு. மானாவாரி விவசாயிக்கு அது நல்ல விளைச்சல் வருடத்தின் லாபம். இந்தக் கருவியைச் சாலையோர நிலத்தில் பயன்படுத்தப் பார்ப்பது வீண் வேலை. அங்கே சந்தை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓடைக்கரை, கண்மாயின் வரத்துக்கால் ஓரம், பாதை இல்லாத உள்புஞ்சை ஆகியவை மனைக்கு மட்டம், நீருக்கும் மண்ணுக்கும் உயர்வு. காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் அவை.

இந்தத் திட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பட்டாசுத் தொழிலின் ஆயுளே கேள்வியாக இருக்கும்போது அதன்மேல் நிலப் பாதுகாப்பைக் கட்டலாமா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. டெல்லியில் ஆண்டுதோறும் புதுப்புதுக் கட்டுப்பாடு. ஆலை மூடிவிட்டால் பாத்தியத்தால் பயன்பெற எதுவும் இராது. பயனற்றுப்போன பாத்தியம் சட்டப்படியும் அற்றுப்போகும். இந்தப் பலவீனத்தை மறைத்துப் பத்திரம் எழுதுவது நிலத்துக்காரரை ஏமாற்றுவதாகும். இதற்கு விடை, ஒரே நிலத்தின் வெறுமைக்கு இரண்டு பேரைப் பயனாளியாக்குவது. கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் அந்தப் புஞ்சை வழியாகப் போகிறதென்றால், கண்மாய்க்குக் கீழே ஆயக்கட்டில் இருக்கும் வயல்களுக்கும் அது கட்டடமின்றி இருப்பது ஆதாயம். ஆகவே பாத்தியத்தை ஆலை நிலத்துக்கும் ஆயக்கட்டு வயல் ஒன்றுக்கும் சேர்த்து எழுத வேண்டும். ஆலை பெரும்பங்குப் பணம் தருகிறது. ஆயக்கட்டுக்காரர் சிறு தொகை தருகிறார், அல்லது வரத்துக்காலைத் தூர்வாரும் உழைப்பைத் தருகிறார். ஆலை போனாலும் மழை பெய்யும், தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். உரிமை நிற்கும்.

நகரத்தையும் பணம் கொடுப்பவர் வரிசையில் சேர்க்க முடியும். நியூயார்க் நகரம் 1997ல் தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி விவசாயிகளோடும் ஊர்களோடும் உடன்பாடு செய்துகொண்டது; நீர்ப்பிடிப்பு நிலத்தைக் கெடாமல் வைத்திருக்க அவர்களுக்குப் பணம் கொடுத்து, பல நூறு கோடி டாலர் செலவாகும் வடிகட்டும் ஆலையைத் தவிர்த்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூர் நகராட்சி, தன் குடிநீர் ஊற்றைச் சுற்றியுள்ள காட்டைக் காக்கும் போஹல் கிராமக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருவதாக 2010ல் ஒப்பந்தம் போட்டது. தொகை சிறியதுதான். ஆனால் தண்ணீர் குடிக்கிறவர் தண்ணீர் பிறக்கும் இடத்துக்குக் கடன்பட்டவர் என்பது அங்கே கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. வெம்பக்கோட்டை அணையின் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் சிவகாசியும், கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பார்த்தால், சுற்றுக் கண்மாய்கள் நிரம்பி நிலத்தடி நீர் உயர்வதற்கு ஒரு விலை வைக்கலாம்.

கண்மாய் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்மாய் அரசுப் புறம்போக்கு. அதை யாரும் விற்கவோ பாத்தியம் எழுதவோ முடியாது. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறை வசம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் வசம். ஆனால் கண்மாயில் விளைவதற்கு எப்போதுமே சந்தை இருந்திருக்கிறது: மீன்பாசிக் குத்தகை, கரைப் பனை, வண்டல். 1980களில் ஸ்வீடன் உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்பில் கண்மாய்களுக்குள் நட்ட நாட்டுக் கருவேலமும் ஏலத்துக்கு வந்தது. கேள்வி, அந்தப் பணம் கண்மாய்க்கே திரும்புகிறதா என்பதுதான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம் 1990களிலிருந்து கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாக்கி, மூலநிதி சேர்த்து, அதன் வட்டியில் மடையையும் கலுங்கையும் பராமரிக்கச் செய்து வருகிறது. விஸ்வநத்தத்தைச் சுற்றியுள்ள எந்தக் கண்மாய்ச் சங்கமும் பின்பற்றக்கூடிய வழி இது. வண்டலை வயலுக்கு எடுக்க 1959ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளில் இடம் உண்டு. கரம்பை மண் விவசாயிக்கு உரம், கண்மாய்க்குக் கொள்ளளவு. ஆனால் வண்டல் என்று அனுமதி வாங்கிச் செங்கல் சூளைக்கும் மனை மேடாக்கவும் கிராவல் அள்ளப்படும் இடத்தில் சந்தை கண்மாயைத் தின்றுவிடும். லோடு எண்ணிக்கையை ஊர்ச்சாவடியில் எழுதி ஒட்டாத எந்த வண்டல் ஏற்பாட்டிலும் சங்கம் கையெழுத்திடக் கூடாது.

இனி, காலியாக நிறுத்திய நிலம் என்ன செய்ய வேண்டும்? கட்டடம் இல்லாத நிலம் எல்லாம் காக்கப்பட்ட நிலமாகாது. சீமைக்கருவேலங்காடாக அடைந்த புஞ்சையில் மண்ணுக்கும் நன்மையில்லை, ஆட்டுக்கும் புல்லில்லை. இந்த இடத்தில் நம் பக்கத்துப் பழைய சந்தை ஒன்று கைகொடுக்கும். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது எந்தப் பொருளாதார நூலும் சொல்லித் தராமலே ஏற்பட்ட ஏற்பாடு. கிடைக்காரர் ஆடுகளை இரவில் வயலில் அடைக்கிறார். நிலத்துக்காரர் புழுக்கைக்கும் மூத்திரத்துக்குமாகத் தானியமோ பணமோ தருகிறார். மண்வளத்துக்கு விலை கொடுத்து வாங்கும் வழக்கம் இங்கே பிறநாட்டுத் திட்டங்களுக்கெல்லாம் முந்தியது. வேம்பூர், கீழக்கரிசல் இன ஆடுகள் இந்த வெக்கைக்கும் முள்ளுக்கும் பழகியவை. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் மேய்ச்சல் சுருங்கச் சுருங்கச் சமவெளியின் திறந்த நிலத்துக்கு மதிப்பு ஏறும். பாத்தியம் எழுதிய புஞ்சையில் கிடைக்காரருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்த்துவிட்டால் நிலத்துக்குக் காவலும் கிடைத்துவிடும். ஆடு புழங்கும் நிலத்தில் காய்ந்த புல் மண்டாது. கொட்டகைகளைச் சுற்றிப் புல்லையும் சருகையும் அகற்றி வைத்திருக்க வேண்டிய ஆலைக்காரருக்கு வேலிக்கு வெளியே தீப்பரவல் குறைவது இன்னொரு லாபம்.

எச்சரிக்கையும் உண்டு. ஆலைக் கழிவு கொட்டி எரிக்கும் குழியை ஒட்டிய மண்ணில் உலோக உப்புகள் தங்கியிருக்கலாம். மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் அங்கே மேய்க்கவோ பயிர் வைக்கவோ கூடாது. சோதனைக்கான செலவை ஆலையின் கணக்கில் எழுதுவதே முறை. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் வியாபாரமும் அப்படித்தான். விறகுக்கும் கரிக்கும் நல்ல விலை இருப்பதால் அகற்றும் செலவை மரமே கொடுத்துவிடும். அதே விலை, மரம் திரும்பத் தழைக்கட்டும் என்று வெட்டுகிறவரை நினைக்கவும் வைக்கும். அவர் தரையோடு வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு நாலு கிளையாகக் கிளம்பிவிடும். ஆகவே விறகுக் குத்தகையில் தூரைத் தோண்டி எடுப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். தூர் எடுத்து முடித்த பிறகுதான் கடைசி லோடு மரம் நிலத்தைவிட்டு வெளியேறலாம் என்று எழுத வேண்டும்.

விளைபொருளுக்குத் தனிப் பெயர் வாங்கி அதன்மூலம் நிலத்தைக் காக்கலாம் என்ற யோசனை பலரைக் கவர்கிறது. புணேயைச் சேர்ந்த ஏ.இ.ஆர்.எஃப். அமைப்பு கொங்கணத்தில் தனியார் காட்டு உரிமையாளர்களோடு மரம் வெட்டுவதில்லை என்று ஒப்பந்தம் செய்து, அந்தக் காட்டின் கடுக்காயையும் தான்றிக்காயையும் ஃபேர்வைல்ட் சான்றோடு ஏற்றுமதிச் சந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறது. நல்ல முன்மாதிரி. ஆனால் அங்கே வாங்குகிறவர் முதலில் கிடைத்தார். நம் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலுக்குப் புல் எந்த நிலத்திலிருந்து வருகிறது என்பதைப் பற்றிக் குறியீட்டில் ஒன்றுமில்லை. பெயர் நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், கொள்முதல் விலையில் மேய்ச்சல் நிலத்துக்கென்று லிட்டருக்கு இத்தனை பைசா என்று தனியாக ஒதுக்கும் ஏற்பாடு வேண்டும். அது வரும்வரை இந்த வழியில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் இவ்வளவே சொல்லலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். கூட்டு வியாபாரமாக நடக்கும் சிவகாசி ஆலைகளை அது கட்டாது. கிடைத்தால் வரத்துக்கால் தூர்வாரல் போன்ற ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்; வருடாந்தர வாடகைக்கு அதை நம்பக் கூடாது.

இதெல்லாம் அரசின் கடமையல்லவா, ஏன் காசு கொடுத்துக் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கோருவதை எந்தப் பத்திரமும் தடுக்காது. ஆனால் பட்டா நிலத்தை விற்காதே என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது, சொல்வதும் நியாயமாகாது. அங்கே விலைதான் பேச முடியும். இன்னொரு ஆட்சேபம் என் மனத்தில் அதிகக் கனத்தோடு நிற்கிறது. நிலம் இல்லாதவருக்கு இதில் என்ன? விறகு பொறுக்கும் பெண்களும், வாரத்துக்கு உழுகிறவரும், கிடைக்காரரும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறவர்கள் அல்ல. பணம் பட்டாதாரருக்குப் போகும்; வேலி விழுந்தால் இழப்பு இவர்களுக்கு. இதற்குச் சந்தையில் தானாக விடை இல்லை. பத்திரம் எழுதும் முன் அந்த நிலத்தில் இப்போது யார் யார் புழங்குகிறார்கள் என்று எழுதி, அந்தப் புழக்கம் தொடரும் என்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். ஆலைக்காரர் வேலி போட விரும்பினால் வாடகையை உயர்த்திக் கேட்க வேண்டும். உயர்ந்த பகுதி கிராமசபைக்குத் தெரிந்த ஒரு பொதுக்கணக்கில் சேர வேண்டும். இதை ஏற்காத ஆலையோடு உடன்பாடு செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல்.

பேச்சைத் தொடங்கத் தை, மாசி நல்ல காலம். தீபாவளிச் சரக்கின் வரவு செலவு ஆலையில் முடிந்திருக்கும். மானாவாரிக் காடு அறுவடையாகிக் கிடக்கும். கிடைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். பயிரில்லாத நிலத்தில் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் அடங்கலும் வாங்கிக்கொண்டு, நிலத்துக்காரர், ஆலை மேலாளர், கண்மாய்ச் சங்கத்தார் மூவரையும் சேர்த்து ஒருமுறை எல்லை நடக்க வேண்டும். ஆலையின் கடைசிக் கொட்டகைச் சுவரிலிருந்து சங்கிலி பிடித்து, உரிமத்தில் எழுதிய தூரம் எந்த சர்வே எண்ணுக்குள் போய் விழுகிறது என்று புலப்படத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வரத்துக்கால் அந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ, முதல் பத்திரத்தை அந்த நிலத்துக்கு எழுதுங்கள்.